சுவர்க் கடிகாரமும் ‘மணி’ என்னும் சொல்லும்

எண்கள் இல்லாத முகம். நடுவிலிருந்து விரியும் பன்னிரண்டு கம்பிகள். அவற்றின் நுனியில் உருண்டைகள். அமெரிக்காவில் ஜார்ஜ் நெல்சனின் வடிவமைப்பு நிலையம் 1940களின் இறுதியில் உருவாக்கிய ‘பால் கிளாக்’, சுவர்க் கடிகாரத்தை அலங்காரப் பொருளாகவே மாற்றியது. நேரம் பார்ப்பது அதில் இரண்டாம்பட்சம். தோட்ட பங்களாக்கள் தங்கும் விடுதிகளாக மாறிவரும் மூணாற்றில் இத்தகைய கடிகாரத்தை மாட்ட விரும்புவோர், அம்மலையில் நேரம் எவ்வாறு ஆண்டது என்பதையும் அறிதல் தகும்.

மூணாறு நல்லதண்ணித் தேயிலை அருங்காட்சியகத்தில் ஒரு சூரியக் கடிகாரம் உள்ளது. 1913இல் திருநெல்வேலிச் சீமையின் நாசரேத் தொழிற்பள்ளியில் செய்யப்பட்டது அது. இந்தியத் திட்ட நேரம் 1906இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. அந்நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைச் சார்ந்தது. மூணாறோ ஏறத்தாழ 77 பாகையில் அமைந்தது. ஆகவே நிழல் காட்டும் நண்பகல், சுவர்க் கடிகாரத்தின் பன்னிரண்டுக்குச் சராசரியாக 22 நிமிடம் பிந்தியே வரும். ஒரே மலையில் இரு நேரங்கள் இருந்தன.

லயத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை வேலைக்கு அழைத்தது இவ்விரண்டின் முகமும் அன்று. தொழிற்சாலைச் சங்கின் ஒலி. கடிகாரம் அலுவலகச் சுவரில் இருந்தது. அதன் ஆணை காற்றில் வந்தது. தோட்டத் தொழிலாளர் சட்டம் (1951) வாரவேலைக்கு 54 மணி நேரம் என வரம்பிட்டது. 1981ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை 48ஆகக் குறைத்தது. அளக்கப்பட்ட நேரம் தொழிலாளரைக் கட்டியது போலவே, அவர்க்கு உரிமை கோரும் அளவுகோலாகவும் ஆயிற்று.

மொழி இதற்குச் சான்று பகர்கிறது. பொழுதை அறுபது நாழிகையாகப் பகுத்த நாம், புதிய அளவைக்குக் கண்ணால் காணும் முள்ளின் பெயரை இடவில்லை. காதால் கேட்கும் ‘மணி’யின் பெயரையே இட்டோம். மலையாளமும் ‘எட்டு மணி’ என்றே சொல்கிறது. கால அளவை ‘மணிக்கூர்’ என்கிறது. 1956இல் மாநில எல்லை வகுக்கப்பட்ட பின்னரும் பாலக்காட்டிலும் தேவிகுளத்திலும் இருமொழியினரும் இச்சொல்லைப் பகிர்ந்தே வழங்குகின்றனர்.

எண்ணற்ற கடிகாரம் அழகுதான். ஆயினும் ஐந்து நிமிடம் பிழையாகப் படித்தாலும் கூலி குறையாதவர்க்கே கடிகாரம் முதலில் அலங்காரம் ஆகிறது. தோட்ட வரலாறு எழுதுவோர் சுவரில் இருந்த கடிகாரத்தோடு, லயத்தில் கேட்ட ஒலியையும் ஆவணப்படுத்த வேண்டும். சங்கொலியைக் கேட்டுக் கொழுந்து பறிக்கச் சென்ற முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அவர்தம் வழக்குச் சொற்களைத் தொகுக்கும் பணி மாணவர்க்குக் காத்திருக்கிறது.