அன்மையும் இன்மையும்: தமிழ்ச் சைவ சித்தாந்த வரலாற்றில் உயிரின் தனித்தன்மை

இறைவனோடு ஒன்றிய நிலையில் உயிர் என ஒன்று எஞ்சி நிற்கின்றதா என்னும் வினா, தமிழ்ச் சைவ உலகில் 13ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை நூல்களையும் அவற்றுக்கு மறுப்பு நூல்களையும் தொடர்ந்து தோற்றுவித்து வந்துள்ளது. இதனை மடங்களுக்குள் அடங்கிய தத்துவ நுணுக்கமெனக் கொண்டு கடந்து செல்வோர் பலர். ஆயின், உயிர் எஞ்சுவதில்லையெனின் வீடுபேற்றின் இன்பத்தை நுகர்பவர் யார் என்பதும், திருமுறைகள் பாடிய அன்பு முடிவில் எங்கே நிற்கும் என்பதும் உடன் எழும் வினாக்களாகும். அன்பு செய்வதற்கு இருவர் வேண்டும். அவ்விருவருள் ஒருவரை இறுதியில் நீக்கிவிடும் கொள்கையைச் சைவர் ஏற்கவில்லை. இருவரையும் என்றும் விலகியே நிற்கவைக்கும் கொள்கையும் அவர்களுக்கு நிறைவளிக்கவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே அவர்கள் கண்ட வழியை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

மெய்கண்டாருக்கு முன்பே இவ்வினாவுக்கு இருவேறு விடைகள் நிலைபெற்றிருந்தன. சங்கரர் வழிவந்த வேதாந்தம் பிரமம் ஒன்றே உள்பொருள் என்றது. ஆகம மரபில் வந்த வடமொழிச் சைவ ஆசிரியர்களோ, குறிப்பாக 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அகோரசிவாசாரியார், உயிர்கள் பல என்றும், வீடுபெற்ற உயிர் சிவனுக்கு நிகராகித் தனித்து நிற்கும் என்றும் நிறுவினர். 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார், பன்னிரண்டே நூற்பாக்கள் கொண்ட சிவஞானபோதத்தில் இவ்விரண்டுக்கும் உடன்படவில்லை. அத்துவிதம் என்னும் சொல்லை அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை. அதற்கு வேதாந்திகள் கொண்ட பொருளை ஏற்கவும் இல்லை.

இரண்டாம் நூற்பாவின் உரைப்பகுதியில் அவர் முன்வைக்கும் வாதம் சுருக்கமானது. அத்துவிதம் என்பதற்கு 'ஒன்று' எனப் பொருள் கொண்டால், அதனை ஒன்று எனச் சுட்டுவதற்கே வேறொருவர் வேண்டியிருக்கும். ஆகவே அச்சொல் பொருள் ஒன்றே எனக் கூறவில்லை. ஒன்று மற்றொன்றுக்கு அந்நியமாய் நிற்றலையே அது மறுக்கின்றது. எண்ணிக்கையைப் பற்றிய வினாவை உறவைப் பற்றிய வினாவாக மாற்றியமைத்ததே மெய்கண்டாரின் சாதனை எனலாம். பின்வந்தோர் இவ்வுறவை ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என மூவகையாக வகுத்தனர். உடலும் உயிரும், கண்ணும் கதிரவனும், கண்ணொளியும் உயிரறிவும் ஆகியவை இம்மூன்றுக்கும் உரிய உவமைகளாக உமாபதி சிவத்தின் சிவப்பிரகாசத்தில் ஒருங்கே அமைந்துள்ளன.

பத்தாம் நூற்பாவில் இவ்விழுவிசை மேலும் வெளிப்படையாகின்றது. உயிர் 'ஏகனாகி' நிற்றலையும் இறைபணியில் நிற்றலையும் மெய்கண்டார் ஒரே நூற்பாவில் அடுத்தடுத்து வைத்துள்ளார். முன்னதை மட்டும் எடுத்தால் வேதாந்தம் போலவும், பின்னதை மட்டும் எடுத்தால் இருமைவாதம் போலவும் தோன்றும். பிற்காலப் பூசல்கள் பலவும் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டதால் எழுந்தவை என்பது என் கருத்து.

இப்பூசல்களின் விரிந்த சான்றாவணம் உமாபதி சிவத்தின் சங்கற்ப நிராகரணம் ஆகும். சகம் 1235, அதாவது கி.பி. 1313 என்னும் காலக்குறிப்பை அந்நூலே தருவது தமிழிலக்கிய வரலாற்றாசிரியருக்குப் பெரும்பேறு. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதர், பௌத்தர், சமணர் முதலான புறத்தாரோடு வாதிட்டார். உமாபதியோ பெரும்பாலும் சைவர்களோடேயே வாதிடுகின்றார். அவர் மறுக்கும் ஒன்பது வாதங்களுள் மாயாவாதத்தை ஒதுக்கிவிட்டால், எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை சைவத்தின் உட்பிரிவுகளே. ஒரே திருநீற்றை அணிந்து ஒரே திருமுறையை ஓதியவர்கள், வீட்டுநிலையில் உயிரின் கதி குறித்து இத்துணை வேறுபட்டிருந்தனர்.

அவற்றுள் மூன்றை மட்டும் இங்கு நோக்குவோம். பாடாணவாதி, வீட்டில் உயிர் கல்லைப்போல் உணர்வற்றுக் கிடக்கும் என்றார். துன்பம் இல்லை, இன்பமும் இல்லை. சிவசமவாதி, உயிர் சிவனுக்கு நிகராகி ஐந்தொழிலையும் இயற்றும் என்றார். ஐக்கியவாதி, நீரோடு நீர் கலந்தாற்போல உயிர் சிவத்தோடு கலந்துவிடும் என்றார். முதலாமவர் உயிரை வைத்துக்கொண்டு அதன் உணர்வைக் களைந்தார். இரண்டாமவர் உயிரை இன்னொரு தலைவனாக்கினார். மூன்றாமவரிடம் உயிரே இல்லாமற் போயிற்று. மூவரும் தம்மைச் சைவர் என்றே கொண்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இம்மூவருள் ஐக்கியவாதியின் நிலைப்பாடே நம் ஆய்வுக்கு மிகவும் பயன்படுவது. அவர் மாயை, கன்மம் என்னும் இரண்டை ஏற்று, ஆணவ மலத்தை ஏற்காதவர். சித்தாந்திகள் அவரோடு முரண்பட்டதன் வேர் இங்கேதான் உள்ளது. ஆணவம் என்று தனியாக ஒன்று இல்லையெனின், 'நான்' என்னும் தருக்கு உயிரின் இயல்பாகவே ஆகிவிடும். அத்தருக்கு நீங்க வேண்டுமாயின் உயிரே கரைந்தாக வேண்டும். உயிருக்கும் ஆணவத்துக்கும் இடையே சித்தாந்தம் ஒரு கோடு கிழித்தது. செம்பிற் களிம்பு போல் தொன்றுதொட்டு உடனிருப்பினும் ஆணவம் உயிரன்று. அதன் ஆற்றல் அடங்கினால் உயிர் அழியாமலே 'நான், எனது' என்னும் செருக்கு அடங்கும். தனித்தன்மை வேறு, தன்முனைப்பு வேறு என்று இன்றைய தமிழில் இதனைக் கூறலாம்.

ஆணவமும் அடியோடு அழிவதில்லை என்பது இக்கொள்கையின் வியத்தகு பகுதி. மனவாசகங் கடந்தாரின் உண்மை விளக்கம், முத்தியிலும் மூன்று முதற்பொருள்களும் உள்ளன என்று கூறி அவற்றுக்குத் தொழிலும் வகுக்கின்றது: இன்பத்தை நுகர்வது உயிர், கொடுப்பது இறை, அதனை விளைவிப்பது மலம். பகலவன் முன் இருள்போல் ஒடுங்கிக் கிடக்கும் மலத்துக்கும் வீட்டில் ஓர் இடம் உண்டென்னும் இக்கருத்தை மேலோட்டமாகப் படிப்போர் திகைப்பதில் வியப்பில்லை.

தமிழாசிரியர்களுக்கு உவப்பான சான்று ஒன்று உமாபதியின் திருவருட்பயனில் உள்ளது. உயிரும் இறையும் கூடும் நிலைக்கு அவர் 'தாடலை' என்னும் சொல்லை உவமையாக்குகின்றார். தாள் என்பதும் தலை என்பதும் புணர்ந்து தாடலை ஆயிற்று. ளகரமும் தகரமும் இருந்த இடத்தில் இப்போது ஒலிப்பது ஒரு டகரமே. செவிக்கு ஒன்று, சொல்லைப் பிரித்தறிபவர்க்கு இரண்டு. இறைவன் தாளும் அடியவர் தலையும் என்னும் பொருளும் அச்சொல்லுக்குள்ளேயே பொருந்திக் கிடக்கின்றது. புணரியலைக் கறாராகக் கற்பிக்கும் ஆசிரியர், தகரம் டகரமாகத் திரிய ளகரம் கெட்டது எனக் கூறி இவ்வுவமையைக் கலைத்துவிட இயலும். உவமையை அத்துணைத் தொலைவு இழுப்பது முறையன்று. எனினும் ஒரு மெய்ப்பொருட் சிக்கலைத் தமிழ் எழுத்திலக்கணத்தைக் கொண்டே விளக்க இயலும் என்ற நம்பிக்கை 14ஆம் நூற்றாண்டில் இருந்துள்ளது.

அந்நம்பிக்கையின் உச்சம் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் (மறைவு 1785). இலக்கணத்திலும் தருக்கத்திலும் ஒருசேர வல்லவரான அவர், சிவஞானபோதத்துக்குத் தாம் எழுதிய மாபாடியத்தில் அத்துவிதம் என்னும் சொல்லின் முதலில் நிற்கும் எதிர்மறையை ஆராய்கின்றார். அவ்வெதிர்மறை இன்மை, அன்மை, மறுதலை என மூன்று பொருள் தரவல்லது. இன்மை எனின் இரண்டாவது பொருளே இல்லையென்றாகும். மறுதலை எனின் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரென்றாகும். எண்ணுப்பெயரின் முன் வரும்போது அது இன்மைப்பொருள் தாராது என்பது முனிவரின் துணிபு. 'அநேகம்' என்னும் சொல்லுக்கு 'ஒன்றும் இல்லை' என எவரும் பொருள் கொள்வதில்லை. 'ஒன்றன்று' என்றே கொள்கின்றனர். அவ்வாறே அத்துவிதம் என்பதும் 'இரண்டு இல்லை' ஆகாது, 'இரண்டன்று' என்பதே. ஓர் உயிரெழுத்து வேறுபாட்டில், உயிர் உண்டா இல்லையா என்பது தீர்மானிக்கப்படுகின்றது.

முனிவர் வேதாந்திகளோடு மட்டும் பொருதவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிற் பிறந்து, போர்த்துக்கேயர் ஆட்சியின்போது நாடு நீங்கித் தமிழகம் சென்றதாக மரபு கூறும் ஞானப்பிரகாசர், சிவஞான சித்தியாருக்கு உரை கண்டிருந்தார். வடமொழி ஆகம நூல்களில் ஆழ்ந்த பயிற்சியுடைய அவர், வீடுபெற்ற உயிர் சிவனுக்கு நிகர் என்னும் பொருள்பட உரைத்தார். இதற்கு எதிராக முனிவர் எழுதியது சிவசமவாதவுரை மறுப்பு. அதன் நடை கடுமையானது. சில இடங்களில் தேவைக்கு மிஞ்சியது என்றும் கூறலாம். ஞானப்பிரகாசர் புதுமை புகுத்தியவரல்லர். அகோரசிவர் காலத்துப் பழைய ஆகமக் கருத்தையே தமிழ் நூலில் அவர் கண்டார். தோற்றவர் என்று அவரை ஒதுக்கிவிடும் நம் பாடநூல் வழக்கம் மறுபரிசீலனைக்குரியது.

மாபாடியம் நெடுங்காலம் ஆதீனத்துக்குள் அடங்கியிருந்து, 20ஆம் நூற்றாண்டில்தான் முழுமையாக அச்சேறியது. அதற்கு முன்னரே சித்தாந்தம் ஆங்கிலத்திற்குச் சென்றுவிட்டது. ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையின் சிவஞானபோத மொழிபெயர்ப்பு 1895இல் வெளிவந்தது. அன்மைக்கும் இன்மைக்கும் உள்ள வேறுபாட்டை அயன்மொழியில் உணர்த்த அவர் பெரிதும் முயன்றார். ஆயினும் மேலைநாட்டார் வகைப்பாட்டில் ஒருமைவாதம், இருமைவாதம், பன்மைவாதம் என்னும் பெட்டிகளே இருந்தன; சித்தாந்தம் இவற்றுள் ஏதேனும் ஒன்றில் வைக்கப்பட்டது. 1980களில் அப்பெட்டிகளே ஒரு புதிய விவாதத்துக்குக் களமாயின. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளின் மரபில் வந்தவராகத் தம்மைக் கொண்ட, ஹவாய்த் தீவைச் சேர்ந்த சுப்பிரமுனிய சுவாமிகள் (1927–2001), திருமந்திரத்தை முதன்மையாகக் கொண்டு, உயிர் இறுதியில் சிவத்தோடு முற்றாக ஒன்றிவிடும் என்றார். மெய்கண்டார் மரபினர் மறுத்தனர். உமாபதி 1313இல் ஐக்கியவாதிக்குக் கூறிய விடைகளுட் சில, இம்முறை ஆங்கிலத்தில் ஒலித்தன.

இவ்விவாதங்களைப் படிப்போர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் நூற்பாவையும் உடன்வைத்துப் படித்தல் நன்று. ஒன்றாதல் அனைத்தும் கூறி முடித்தபின் வரும் கடைசி நூற்பா அது. அங்கே மலம் நீங்கிய ஞானி கரைந்து மறைந்துவிடவில்லை. அடியவர் கூட்டத்தோடு கலந்து, அவர்தம் திருவேடத்தையும் கோயிலையும் சிவனெனக் கண்டு தொழுதுகொண்டிருக்கின்றார்.