தாமே மேல்முறையீடு நடத்துதல் (காரைக்கால்)

காரைக்காலில் வழக்குத் தோற்றவர் வழக்கறிஞர் வைக்காமல் தாமே மேல்முறையீடு செய்யலாம். நீதிமன்ற மொழியில் இவர் 'பார்ட்டி இன் பர்சன்'. மதுரைக் கிளையின் எல்லை தஞ்சாவூர்வரை வந்தாலும், புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலுக்குச் சென்னைதான் உயர் நீதிமன்றம். சிவில் தீர்ப்பாணை மீது அங்கே முதல் மேல்முறையீடு செய்ய 90 நாள் கெடு. மாவட்ட நீதிமன்றம் என்றால் 30. சான்றிட்ட நகலுக்குக் காத்திருக்கும் நாட்கள் கணக்கில் சேரா. ஆகவே தீர்ப்பு வந்த கையோடு நகல் மனுப் போடுவதே புத்தி. இரண்டாம் மேல்முறையீடு கடினம்: உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவுப்படி முக்கியமான சட்டக் கேள்வி எழ வேண்டும். சாட்சி பொய் சொன்னார் என்ற ஆதங்கம் மட்டும் அங்கே எடுபடாது. தாமே நடத்த இயலாவிட்டால், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளோர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கேட்க 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் சட்டம் வழிசெய்கிறது.