வெல்வெட் வேஷம் போட்ட தூசு

நகைக்கடையில் மோதிரம் வாங்கினால் கூடவே ஒரு குட்டிப் பெட்டி தருவார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே மெரூன் நிறத்தில் மெத்தென்று இருக்கும். வெல்வெட் என்றுதான் நாம் சொல்கிறோம். ஓரத்தில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். நெய்த துணியாக இருந்தால் நூல் பிரிந்து வரும். பல பெட்டிகளில் நூலே இருக்காது. நகக்கண்ணில் கொஞ்சம் தூசு ஒட்டும், அவ்வளவுதான். அந்தத் தூசுக்கு ஃப்ளாக் என்று பெயர். பசை தடவி, அதன் மேல் பொடியாக நறுக்கிய இழையைத் தூவிவிட்ட சமாசாரம்.

கையால் மரப்பெட்டி செய்கிறவர்களுக்கு இது ஒரு வரப்பிரசாதம். பெட்டிக்குள் துணி ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூலையில் சுருங்கும், ஓரத்தில் பசை கசியும். பேனா வைக்கக் குடைந்த குழி என்றால் கேட்கவே வேண்டாம். ஃப்ளாக்குக்கு மூலையும் ஒன்றுதான், குழியும் ஒன்றுதான். தூளின் நிறத்திலேயே கலந்த பசையை உள்ளே பூசுகிறார்கள். எங்காவது தூள் குறைந்தாலும் மரம் பல்லை இளிக்காது. பசை காய்வதற்குள், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு அட்டைக் குழல்களில் தூளை நிரப்பி, சைக்கிள் பம்பு அடிப்பதுபோல அடிப்பார்கள். குழலின் முனையிலுள்ள துளைகள் வழியாகத் தூள் புகைபோலக் கிளம்பிப் படியும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டு மறுநாள் கவிழ்த்துத் தட்டினால் ஒட்டாதது உதிரும். உதிர்ந்ததை டப்பாவில் சேர்த்துவைத்து அடுத்த பெட்டிக்குத் தூவலாம்.

இந்தச் சிக்கன புத்தி இதன் பிறவிக் குணம். ஐரோப்பாவில் கம்பளித் துணி நெய்ததும் அதன் மேல்பரப்பைக் கீறி ரோமத்தை எழுப்பி, பெரிய கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டுவார்கள். அப்போது உதிரும் தூள்தான் ஆதி ஃப்ளாக். தூக்கிப் போட வேண்டிய குப்பை. இதைப் பசையில் தூவித் துணிக்கு அலங்காரம் செய்யும் பக்குவம், 15ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துக் கன்னியர் மடத்துக் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. இத்தாலிய வெல்வெட் விலை கட்டுப்படியாகாதவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி.

1634இல் லண்டனில் ஜெரோம் லேனியர் என்பவர், துணி, தோல் முதலியவற்றின் மேல் கம்பளித் தூளையும் பட்டுத் தூளையும் ஒட்டும் உரிமையை மன்னர் முதலாம் சார்லஸிடம் வாங்கினார். தன் சரக்குக்கு அவர் வைத்த பெயர் 'லண்ட்ரிண்டியானா'. லண்டனையும் இந்தியாவையும் சேர்த்துப் பசை போட்டு ஒட்டியது போன்ற பெயர்! இதைக் கண்டுபிடித்தது நாங்கள்தான் என்று பின்னாளில் பிரெஞ்சுக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். யார் முதல் என்பதைவிட, யார் அதை வைத்துக் காசு பார்த்தார்கள் என்பதுதான் சுவையான கதை.

ஏனென்றால் பிற்பாடு தூள், துணியை விட்டுக் காகிதத்துக்குத் தாவிவிட்டது. சுவரில் ஒட்டும் தாளில் மரஅச்சால் பசைக் கோலம் போட்டு, அதன் மேல் தூளைத் தூவுவார்கள். அடியில் கன்றுத்தோல் இழுத்துக் கட்டிய நீளப் பெட்டிக்குள் தாளை வைத்து, கீழிருந்து குச்சியால் கொட்டுவார்கள். மேளம் அதிர அதிரத் தூள் எழும்பி விழுந்து பசையில் குத்திட்டு நிற்கும். சுவரில் தொங்கவிட்ட அசல் கம்பளியைப் பூச்சி அரித்தது. பசையில் சேர்ந்த டர்பன்டைன் வாடைக்கு இந்தப் போலியிடம் பூச்சி அண்டவில்லை. அரண்மனைக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? லண்டன் வொயிட்ஹாலின் அரசு அலுவலகச் சுவர்களில் ஏறியது. பிரான்ஸின் வெர்சாய் அரண்மனையில், மன்னரின் காதலி பாம்பதூர் சீமாட்டியின் அறைகளுக்கும் போனது. பாரிஸில் அதற்கு 'இங்கிலாந்துத் தாள்' என்றே பெயர்.

அந்த இங்கிலாந்துத் தாளை விற்றுப் பிழைத்தவர் பாரிஸ் வியாபாரி ரெவெய்யோன். 1756இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே ஏழாண்டுப் போர் மூண்டது, சரக்கு நின்றது. சரி, நாமே செய்தால் என்ன என்று இறங்கிவிட்டார். போலிக்குப் போலி செய்தவர், போர் முடிந்தபோது பெரிய முதலாளி. 1783 செப்டம்பரில் வெர்சாயில் ஒரு ஆட்டையும் வாத்தையும் சேவலையும் சுமந்து மான்கோல்ஃபியே சகோதரர்களின் பலூன் பறந்ததே, அதை அலங்கரித்துக் கொடுத்தவர் இவர்தான். ஆறே வருஷத்தில் மேலே போனது கீழே வந்தது. கூலியைக் குறைக்கச் சொன்னார் என்று பேச்சு பரவி, 1789 ஏப்ரலில் கூட்டம் அவர் வீட்டையும் தொழிற்சாலையையும் சூறையாடியது. பிரெஞ்சுப் புரட்சியில் பஸ்தீல் சிறை விழ இன்னும் மூன்று மாதம்கூட இல்லை.

அப்புறம் மவுசு ஏறியும் இறங்கியும் ஓடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் பெருகிய 'இந்தியன்' உணவகங்களின் சுவரில் சிவப்பு ஃப்ளாக் தாள் திரும்பி வந்தது. பெயர்ப் பலகையில் இந்தியா. அடுப்படியில் பெரும்பாலும் இன்றைய வங்கதேசத்துச் சில்ஹெட் வங்காளிகள். ராஜ மிடுக்குக்காக ஒட்டிய தாள் கடைசியில் அந்த உணவகங்களைப் பற்றிய கேலிக்குத் தீனியானது. லேனியர் வைத்த 'லண்ட்ரிண்டியானா' என்ற பெயர் பலித்துவிட்டது என்று நான் சொல்வேன்.

20ஆம் நூற்றாண்டில் மேளத்தின் வேலையை மின்சாரம் எடுத்துக்கொண்டது. தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கிறதே, அதே சங்கதி. இங்கே பல்லாயிரம் வோல்ட். இழைகள் விறைத்துப் பறந்து பசையில் ஊசிபோல நட்டுக்குத்தலாகக் குத்திக்கொள்ளும். கையால் தூவியது சற்றுச் சாய்ந்து தோல்போல இருக்கும். மின்சாரத்தில் ஏறியது அசல் வெல்வெட்டையே மிரட்டும். கம்பளிக்குப் பதில் ரேயான், நைலான். கார் டேஷ்போர்டின் பெட்டி, கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளம் எனப் பல இடங்களில் அதுதான். ஸ்டிக்கர் பொட்டின் மென்மையும் பல நேரம் இதுவே. பாட்டிகள் இன்னும் அதை வெல்வெட் பொட்டு என்கிறார்கள்.

இவ்வளவு ஊர் சுற்றிய இந்தத் தூசு உங்கள் மூக்குக்குள்ளும் வந்துபோயிருக்கலாம். கொரோனா பரிசோதனைக்கு நீளக் குச்சியை விட்டுத் திருகினார்களே, அவற்றில் பலவற்றின் நுனியில் இருந்தது நைலான் ஃப்ளாக். இத்தாலியின் பிரேஷா நகரத்து கோபான் நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் கொண்டுவந்த யோசனை. பஞ்சு சளியை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நின்றிருக்கும் இழைகளோ எடுத்ததை அப்படியே விட்டுக்கொடுக்கும். 2020 மார்ச்சில் அமெரிக்க விமானப் படை இத்தாலியிலிருந்து 5 லட்சம் குச்சிகளை ஒரே விமானத்தில் ஏற்றிப் போனது.

குச்சியில் ஒட்டிய இழை மூக்குக்குள் போவதில் பயமில்லை. காற்றில் பறக்கும் இழைதான் வம்பு. 1990களில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில், நைலான் ஃப்ளாக் செய்யும் ஆலைத் தொழிலாளிகளுக்கு மூச்சிரைப்பும் இருமலும் வந்தன. வெட்டும்போது சிதறிய நுண்துகள் நுரையீரலில் இறங்கியதுதான் காரணம் என்று மருத்துவர் டேவிட் கெர்ன் கண்டுபிடித்தார். 'ஃப்ளாக் தொழிலாளர் நுரையீரல்' என்றே அந்த நோய்க்குப் பெயர். ஆகவே, வீட்டில் பெட்டி செய்து உள்ளே தூவப் போகிறவர்கள் குழலைக் கையில் எடுக்கும் முன் முகக்கவசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய கவசம் பீரோவில் எங்கேயாவது கிடக்கும்.