யாருடைய தானியம், யாருடைய விலை: அருப்புக்கோட்டை – திருச்சுழி மானாவாரிப் பகுதியில் கூலியும் வாழ்க்கைச் செலவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசு தொகுத்த விலைப் பட்டியல்களைப் பயில்வோர் முதலில் ஒரு தலைகீழ்க் கணக்குக்குப் பழக வேண்டும். ஒரு கிலோ அரிசி இத்தனை ரூபாய் என்பது இன்றைய வழக்கு. ‘இந்தியாவில் விலைகளும் கூலிகளும்’ என்ற பொருளிலான தலைப்பில் வெளிவந்த அரசுத் தொகுப்புகளோ, ஒரு ரூபாய்க்கு இத்தனை சேர் என்று குறித்தன. எண் குறைந்தால் விலை ஏறியது என்று பொருள். இதனை எழுத்தர் வழக்கு என்று மட்டும் கொள்வதற்கில்லை. ரூபாய் அரிதாகவும் தானியம் அன்றாடப் புழக்கமாகவும் இருந்த ஊர்களில் தானியமே அளவுகோல். ரூபாய் அதனால் அளக்கப்பட்ட பொருள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் வாழ்க்கைச் செலவு வரலாற்றை இந்தக் கண்கொண்டு பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. தாது வருடப் பஞ்சக் காலம் தொட்டு, உழைப்பவரின் கூலியை உணவின் விலையோடு இணைக்க அரசு முயன்று வந்துள்ளது. ஆனால் கணக்கில் கொள்ளப்பட்ட உணவும் விலையும் இப்பகுதிக்குரியனவாக இருந்தமை அரிது.

குண்டாற்றையும் கண்மாய்களையும் நம்பிய சிறு நன்செய் ஒருபுறமிருக்க, இப்பகுதியின் பெரும்பரப்பு மானாவாரிப் புன்செய். கம்பு, சோளம், குதிரைவாலி, வரகு ஆகியன உணவுக்கும், பருத்தி, மிளகாய், மல்லி ஆகியன சந்தைக்கும் விளைந்தன. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்படும் வரை இப்பகுதி மதுரை மாவட்ட ஆவணங்களுக்குள் அடங்கியிருந்தது. ஜமீன் நிலங்கள் மிகுந்த பகுதியாதலால், இரயத்துவாரி ஊர்களுக்குக் கிடைப்பது போன்ற நுணுக்கமான நிலவரிக் குறிப்புகளை இங்கு எதிர்பார்க்க இயலாது. ஆகவே ஆய்வாளர் பெரிதும் நம்ப நேர்வது பெரிய சந்தை ஊர்களில் எடுக்கப்பட்ட சில்லறை விலைகளையே.

அவ்விலை யாரைத் தொட்டது என்பதே கேள்வி. வீட்டுக் குலுக்கையில் கம்பு வைத்திருந்த சிறு விவசாயி, அது தீரும் வரை விலைக்கு வெளியே வாழ்ந்தார். மரக்கால் கணக்கில் கூலி பெற்ற பண்ணையாளுக்கு விலையேற்றம் நேரடியாக உறைக்கவில்லை. ஒரு மரக்கால் கம்பு விலை ஏறினாலும் ஒரு மரக்கால் கம்புதான். தானியக் கூலி உழைப்பாளிக்கு அரணாக இருந்தது என்ற கருத்து இதிலிருந்தே பிறந்தது. ஆனால் மானாவாரி நிலத்தில் இக்கருத்து பாதி உண்மையே. மழை பொய்த்த ஆண்டில் கூலியின் அளவு குறைவதில்லை. கூலி கிடைக்கும் நாள்களே இல்லாமற் போகின்றன. அப்போது அதுவரை விலையை அறியாத குடும்பம், விலை உச்சத்தில் இருக்கும் வேளையில், கையில் காசின்றிச் சந்தைக்குள் நுழைகிறது.

மூன்றாம் தரப்பினர் நெசவாளர். அருப்புக்கோட்டையின் சாலியர், தேவாங்கர் தறிகள் நல்ல காலத்திலும் தானியத்தை விலைக்கே வாங்கின. நூல் வாங்கி, சேலை விற்று, அந்தக் காசில் உணவு வாங்கும் வாழ்க்கை அது. பஞ்ச காலத்தில் துணியே மக்கள் முதலில் கைவிடும் செலவு. எனவே தானிய விலை ஏறுவதும் சேலை விற்காமற் போவதும் ஒரே மாதத்தில் நிகழ்ந்தன. அமர்த்திய சென் 1981இல் ‘வறுமையும் பஞ்சங்களும்’ நூலில் விளக்கிய பரிமாற்ற உரிமையின் சரிவுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. சென்னை மாகாணப் பஞ்ச விதித்தொகுப்பு நெசவாளருக்கு அவர்தம் தொழிலிலேயே நிவாரணம் அளிக்க வழி செய்தது, இவ்விரட்டை நெருக்கடியை அதிகாரிகள் உணர்ந்திருந்தமையைக் காட்டுகிறது. ரூபாய்க்கு இத்தனை சேர் என்ற தானிய விலைப் பட்டியலில் இந்நெருக்கடியின் ஒரு பாதி மட்டுமே பதிவாகும்.

1876–78 பஞ்சத்தின்போது நிவாரணப் பணிகளுக்கான கூலி நிர்ணயம் பெரும் பூசலுக்கு உள்ளானது. இந்திய அரசின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், 1877இன் தொடக்கத்தில் ஆண் தொழிலாளியின் நாட்கூலியை ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் உப்புப் புளிச் செலவுக்குச் சிறு காசும் என்ற அளவுக்குக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், மண் வெட்டிச் சுமக்கும் உடலை இது தாங்காது என்று கடுமையாக மறுத்தார். சில மாதங்களில் அளவு உயர்த்தப்பட்டது. வரலாற்றாசிரியர்கள் இதனைப் பெரும்பாலும் உடலியல் விவாதமாகவே எழுதியுள்ளனர். விலை வரலாற்றின் நோக்கில் இதில் வேறொரு முதன்மை உண்டு. தானிய விலை ஏறினால் கூலிக் காசும் ஏறும், இறங்கினால் இறங்கும் என்ற நகரும் கூலி, ஏட்டளவிலேனும் இங்கு நடைமுறைக்கு வந்தது. அகவிலைப்படியின் கரடுமுரடான முன்வடிவம் என்று இதனைக் கூறலாம். ஒரே பொருளைக் கொண்ட குறியீட்டெண் அது. மற்ற செலவுகள் சிறு காசுக்குள் அடக்கப்பட்டன. அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் உப்பு வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணாவிலிருந்து 2 ரூபாய் 8 அணாவாக உயர்த்தப்பட்டது. கஞ்சியும் உப்புமே உணவாயிருந்தோருக்கு அந்தச் சிறு காசின் பொருள் என்னவாயிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இடத்தின் வேறுபாடும் கருதத்தக்கது. மதுரை – தூத்துக்குடி இருப்புப்பாதை 1876இல் திறக்கப்பட்டது. அது விருதுபட்டி வழியே சென்றது. அருப்புக்கோட்டைக்கு இருப்புப்பாதை 1960களில்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் விருதுபட்டி விலையோடு வண்டிக் கூலியும் சேர்ந்ததே கிழக்கே உள்ள ஊர்களின் விலை. இதனுடன் மகமையையும் எண்ண வேண்டும். நாடார் சமூகத்தின் இராமநாதபுரம் ஆறூர்களுள் அருப்புக்கோட்டையும் அதனை அடுத்த பாலையம்பட்டியும் அடங்கும். சரக்கின் மீது வசூலிக்கப்பட்ட மகமை, பேட்டைகளையும் கோயில்களையும் பின்னர்ப் பள்ளிகளையும் எழுப்பியதை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளிவந்த நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சமூக மேம்பாட்டின் வரலாறாகவே மகமை எழுதப்படுகிறது, அது தகும். எனினும் அது சரக்கின் விலைக்குள் ஏறிய ஒரு சிறு பொதுவரியும் ஆகும். அதனை இறுதியில் செலுத்தியோருள் மிளகாயும் எண்ணெயும் வாங்கிய எல்லாச் சமூகத்தவரும் இருந்திருப்பர் என்பதை விலை வரலாறு சொல்லியாக வேண்டும்.

கடல் கடந்தோரின் அனுபவம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இராமநாதபுரத்து வறண்ட ஊர்களிலிருந்தும் தொழிலாளர் சென்ற இலங்கைத் தோட்டங்களில், 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நாட்கூலியை மட்டும் நிர்ணயிக்கவில்லை. தோட்டம் வழங்கும் அரிசியின் விலையையும் அதனோடு பிணைத்தது. தோட்டத்து அடக்குமுறையை இது மறைத்துவிடாது. ஆயினும் வாங்கும் அரிசியின் விலையை விட்டுவிட்டுக் கூலியை மட்டும் நிர்ணயிப்பது வீண் என்ற தெளிவு அதில் இருந்தது. ஊரில் எஞ்சிய உறவினருக்கு அத்தகைய பிணைப்பு வெகுகாலம் கிட்டவில்லை.

1967 தேர்தலில் திராவிட முன்னேற்றக் கழகம் முன்வைத்த ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்ற முழக்கத்தின் மொழியமைப்பைக் கவனிக்க வேண்டும். பதின்ம நாணயம் 1957இல் வந்துவிட்டது. மெட்ரிக் அளவைகளும் சட்டமாகிவிட்டன. ஆயினும் வாக்காளரிடம் விலை பேசப்பட்டது பழைய பட்டியல்களின் இலக்கணத்தில்தான்: ரூபாய் மாறாது, படியே மாறும். அண்ணா ஆட்சியில் ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. நிதிச்சுமை அதன் விரிவைத் தடுத்தது. கம்பும் குதிரைவாலியும் உண்ட ஊர்களுக்கு அரிசியின் படிக்கணக்கு ஆசையாக வந்தது, அரிசியாக வரவில்லை. பின்னர் நிலை மாறியது. 1982இல் சத்துணவுத் திட்டம் பள்ளிச் சிறாரின் ஒருவேளை உணவை வீட்டுச் செலவிலிருந்து விலக்கியது. (அத்திட்டத்தைக் கொண்டுவந்த எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சரானது அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்றுதான்.) கிலோ ஒரு ரூபாய் அரிசி 2008இலும், விலையில்லா அரிசி 2011 சூனிலும் வந்தன. இத்துடன் மானாவாரித் தானியம் அன்றாட உணவிலிருந்து பெரிதும் விலகியது. அண்மைக்காலமாகச் சிறுதானியம் என்ற பெயரில் அதே குதிரைவாலி நகர அங்காடிகளில் அரிசியை விஞ்சும் விலைக்கு விற்கப்படுவது இவ்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அதே 2011இல்தான் நூறு நாள் வேலைத் திட்டக் கூலி, வேளாண் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணுடன் இணைக்கப்பட்டது. டெம்பிளின் ஒற்றைத் தானியக் கணக்கோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றம்; கூலி ஏறுவதற்கு ஒரு விதியேனும் உண்டு. ஆனால் அன்று கையாளப்பட்ட குறியீட்டெண் 1986–87ஐ அடிப்படையாண்டாகவும், 1983ஆம் ஆண்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின் நிறைகளையும் கொண்டது. அதில் உணவின் நிறை ஏறத்தாழ 69 விழுக்காடு. அரிசியை விலையின்றிப் பெற்ற குடும்பத்தின் கூலி, முப்பது ஆண்டுகளுக்கு முற்பட்ட உணவுக் கூடையைக் கொண்டு அளக்கப்பட்டது. மேலும் இக்குறியீட்டெண் மாநிலத்துக்கு ஒன்றாகவே வெளியிடப்படுகிறது. காவிரிப் பாசன ஊரின் தொழிலாளிக்கும் திருச்சுழித் தொழிலாளிக்கும் எண் ஒன்றே. ஆலைத் தொழிலாளர் குறியீட்டெண்ணின் 2001 தொடரில் தமிழ்நாட்டு மையங்கள் சென்னை, கோவை, குன்னூர், மதுரை, சேலம், திருச்சிராப்பள்ளி ஆகியன. வாரந்தோறும் சந்தை நிலவரம் நாளிதழ்களில் வெளிவரும் விருதுநகர்கூட அதில் இல்லை.

இந்தச் சராசரியில் கரைந்துபோகும் செலவுகளுள் தலையாயது தண்ணீர். கிணறு உவர்த்துப்போன ஊர்களில் குடத்துக்கு இவ்வளவு என்று வண்டிக்காரரிடம் வாங்கும் குடிநீர், கோடையில் ஒரு கூலிக் குடும்பத்தின் தவிர்க்க இயலாத அன்றாடச் செலவு. பாசனப் பகுதி உழைப்பாளிக்குப் பெரும்பாலும் இல்லாத செலவு அது. எதிர்த்திசையில், சீமைக் கருவேல விறகு வெட்டி எரிக்கும் வீட்டுக்கு எரிபொருள் விலை உறைப்பதில்லை; கரிமூட்டம் போடுவோருக்கு அதுவே வருவாய். இவ்விரண்டையும் கணக்கில் கொண்ட வட்டார விலைத்தொடர் ஒன்றை உருவாக்க அரசுத் தொகுப்புகள் மட்டும் போதா. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் சிலேட்டர் 1918இல் வெளியிட்ட ஊராய்வுகளுள் இடம்பெற்ற இராமநாதபுரம் மாவட்டத்து வடமலாபுரம், 1930களிலும் அதன் பின்னரும் மறுஆய்வு செய்யப்பட்டதால் நீண்டகால ஒப்பீட்டுக்கு உதவுகிறது. அதுவும் இவ்வறட்சி நிலத்தின் மேற்குப் புறத்தது. கிழக்கே, கடைப் பேரேடுகளும், மகமை வரவுப் புத்தகங்களும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் கூலிப் பதிவேடுகளும் எங்கு எஞ்சியுள்ளனவோ அங்கிருந்தே தொடங்க வேண்டும். இவற்றுள் கூலிப் பதிவேடுகளே முதலில் தேடத்தக்கவை; ஒரு சேலைக்கு நெசவாளர் பெற்ற கூலியையும் அதே மாதத்து அரிசி விலையையும் அருகருகே வைத்தால், ஒரு சேலைக்கு எத்தனை படி என்ற கணக்கை நேரடியாகப் போட்டுவிடலாம்.