சோறு, சீலை, சீதனம்

நம்முடையது போன்ற பெண்கள் விடுதிப் பாடசாலைகளுக்கெல்லாம் மூத்தது உடுவில். அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் அதைத் தொடங்கியபோது, பணம் கட்டி மகளைப் படிப்பிக்க யாழ்ப்பாணத்துத் தகப்பன்மார் ஆயத்தமாயிருக்கவில்லை. படித்தவளை யார் கட்டுவான் என்பது ஒரு பயம். மிசன் வீட்டில் சாப்பிட்டால் சாதி போய்விடும் என்பது அதைவிடப் பெரிய பயம். எனவே மிசன் சோறும் சீலையும் கொடுத்தது. படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணக்கும் பெண்ணுக்குச் சீதனமும் கொடுத்தது. இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு அப்படித்தான் திறந்தது.

அது விலையில்லாத தர்மம் என்று நான் எழுதமாட்டேன். செலவை ஏற்ற அமெரிக்க நன்கொடையாளரின் விருப்பப்படி பிள்ளைக்குப் பெயர் மாற்றப்படுவதுண்டு. பெற்றவள் ஆசையோடு இட்ட பெயர் பதிவேட்டில் இல்லாமற் போகும். நூற்றாண்டு மலர்களில் நாம் இதைச் சொல்வது குறைவு.

ஆனாலும் 1840இல் வந்த எலிசா அக்னியூ அம்மையார் ஒருமுறைகூட ஊர் திரும்பாமல் நாற்பதாண்டளவு அங்கே படிப்பித்தார். தம் மாணவிகளின் பேர்த்திகளுக்கும் ஆசிரியையாக இருந்தார். அவரிடம் படித்தவர்களிற் பலர் கிராமப் பாடசாலைகளில் ஆசிரியைகளானார்கள். விடுதிக்கு வரவே முடியாத பிள்ளைகளுக்கு எழுத்துப் போய்ச் சேர்ந்த வழி அதுதான்.

வைத்தியத்திலும் இப்படியே. மானிப்பாயில் டொக்டர் கிறீன் 1848 முதல் வைத்தியர்களைப் பயிற்றினார், பின்னர் தமிழிலேயே. படித்தவர்கள் ஆண்கள். ஆண் வைத்தியரிடம் போகக் கூச்சப்பட்ட பெண்கள் வீட்டிலேயே நோயோடு கிடந்தார்கள். 1898இல் இணுவிலில் பெண்களுக்கென மக்லியொட் ஆஸ்பத்திரி வந்தபோது அங்கு தாதிகள் வேண்டும். தாதிக்கு வாசிக்கத் தெரியவேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெண்களைப் படிப்பித்து வந்திராவிட்டால் அந்தத் தாதிகளுக்கு எங்கே போவது?

இடையில் ஒன்று நடந்தது. பெண் படிப்புக்கு மதிப்பு வந்ததும் வசதியுள்ளவர்கள் வந்தார்கள், கட்டணமும் வந்தது. யாருக்காகச் சோறு போட்டுத் தொடங்கினார்களோ அவர்கள் மெல்ல மெல்லப் பின்வாங்கினார்கள். சாதி வேறு. 1930 அளவில் சம ஆசனம் கொடுத்ததற்காகப் பாடசாலைகள் எரிக்கப்பட்ட ஊர் இது.

1945இல் இலவசக் கல்வி வந்து பள்ளிக் கட்டணம் போயிற்று. பஸ் காசும் சப்பாத்தும் விடுதிச் செலவும் போகவில்லை. எனது கிளினிக்குக்குத் தாயோடு துணைக்கு வரும் பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம், "இன்றைக்குப் பள்ளிக்கூடம் இல்லையா, அம்மா?" என்று கேட்டால், தாய்தான் மறுமொழி சொல்வாள், அந்த மறுமொழி அநேகமாகக் காசைப் பற்றியதாகவே இருக்கும்.

நூற்றாண்டு நிதியை மண்டபக் கூரைக்குக் கொடுப்பதா, நான்கைந்து பிள்ளைகளின் விடுதிச் செலவுக்கு ஒதுக்குவதா என்று சங்கத்திற் பேச்சு நடக்கிறது. கூரை ஒழுகுகிறது, உண்மைதான். ஒழுகும் வாளியை இன்னும் இரண்டு மாரிக்கு வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.