லூல்கந்துரைக்கு ஒருநாள்

நுவரெலியா, அட்டன் பகுதிகளிலிருந்து லூல்கந்துரைத் தோட்டத்திற்கு மாணவரை அழைத்துச் செல்ல எண்ணும் ஆசிரிய நண்பர்களிடம், முதலில் கண்டிக்குப் போங்கள் என்போம். அங்கே மகையாவ மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. 1867-ல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இலங்கையில் அதை வணிகப் பயிராக்கியவர் அவர். 1892-ல் அவர் இறந்தபோது, தோட்டத்திலிருந்து கண்டிவரை உடலைச் சுமந்து வந்தவர்கள் தொழிலாளரே என்பர். துரையின் பெயர் கல்லில் நிற்கிறது. சுமந்த தோள்களின் பெயர் எங்கே?

பின்னர் ஹேவாஹெட்டைப் பக்கமாக மலையேறுங்கள். டெய்லர் அமர்ந்ததாகச் சொல்லப்படும் கல்லாசனத்தை அங்கே காட்டுவார்கள். காட்சி மனத்தை அள்ளும், மறுப்பதற்கில்லை. ஆனால் காட்டை அழித்து அம்மலைகளைத் தோட்டமாக்கியவர் யார்? தமிழகத்துப் பஞ்சமும் கடனும் துரத்த, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டுவழியே நடந்து வந்த மக்கள். வழியிலேயே வாந்திபேதிக்கு மாண்டவர் பலர். 1869-ல் கண்ட இலைநோயால் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, லயம் மாறவில்லை. கங்காணியின் துண்டுக் கடனும் 1921-ல் சட்டம் ஒழிக்கும்வரை கழுத்தை இறுக்கியது.

அதே ஹேவாஹெட்டைப் பகுதியில்தான் முல்லோயாத் தோட்டம். 1940 சனவரி 10-ல், சம்பள உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் அங்கே வீழ்ந்தார். விசாரணைக் குழுவின்முன் அவர் மனைவிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா, ஒரு சிங்களவர். இதை மாணவருக்கு அங்கே நின்றே சொல்லுங்கள். லயத்துக்குள் நுழையுமுன் அங்கிருப்போரிடம் அனுமதி கேளுங்கள். அது காட்சிச்சாலை அல்ல.