ஹெரால்டின் ஜாதகம்

பழைய மாடு வாங்குகிறவன் சுழி பார்ப்பான், பல்லைப் பிடித்துப் பார்ப்பான். பழைய கார் வாங்குகிறவனோ பெரும்பாலும் பெயின்ட் பளபளப்போடு திருப்தி அடைந்துவிடுகிறான். அதுவும் கூரையை மடித்துக்கொண்டு காற்று வாங்கியபடி போகக்கூடிய காராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மனுஷன் அந்தக் கணமே கிறங்கிப் போகிறான். என் அபிப்பிராயத்தில், பழைய கார் வாங்கியவன் முதலில் பார்க்க வேண்டியது அதன் ஜாதகத்தைத்தான். அது எந்தச் சங்கடத்தில் பிறந்தது என்று தெரிந்துவிட்டால், அதற்கு எங்கே நோகும் என்பதும் தெரிந்துவிடும்.

இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கும் என் சகோதரியின் பிள்ளை, 1960-களில் செய்த ட்ரையம்ஃப் ஹெரால்டு கன்வெர்டிபிள் ஒன்றை வாங்கிய மறு வாரமே டெலிபோனில் புலம்பினான். "மாமா, கதவு சாத்த மாட்டேன் என்கிறது. மழை பெய்தால் காலடியில் குளம். ராத்திரியில் விளக்கு மங்குகிறது. வளைவில் திரும்பினால் பின்பக்கம் எகிறுகிறது!" அவனுக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்லுகிறேன்.

ஹெரால்டைச் செய்தது கோவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனி. அதற்குக் கார்களின் உடலைச் செய்து கொடுத்துவந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற ஸ்தாபனம். 1953-இல் அந்த ஸ்தாபனத்தைப் போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிக்கொண்டது. பங்காளி வீட்டுத் தையற்காரனை நம்பி எத்தனை நாளைக்குச் சட்டை தைத்துக்கொள்வது? முழு உடலையும் ஒரே கூடாகச் செய்து தர வேறு ஆள் கிடைப்பது கஷ்டமாயிற்று. ஆகவே கம்பெனி, மற்றவர்கள் கைவிட்டுக்கொண்டிருந்த பழைய முறைக்குத் திரும்பியது. கீழே தனியாக ஒரு இரும்புச் சட்டம். அதன்மேல் பல பட்டறைகளில் துண்டு துண்டாகச் செய்த உடல், போல்ட் போட்டு முடுக்கியது. இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி அதற்கு அழகான உருவம் வரைந்து கொடுத்தார். 1959-இல் கார் வெளிவந்தது. கூரையும் ஒரு தனித் துண்டுதான் என்பதால், அதைக் கழற்றிவிட்டுக் கித்தான் போடுவது சுலபம். 1960-இல் கன்வெர்டிபிளும் வந்துவிட்டது.

இனி மருமகனின் புகார்களுக்கு வருவோம்.

கதவு சாத்தாவிட்டால் கீலைத் திருகாதே, காருக்கு அடியில் படுத்துப் பார் என்றேன். கூரை இல்லாத காரில் மேலே இழுத்துப் பிடிக்க எதுவும் இல்லை. பாரம் முழுவதும் அடிச் சட்டத்தின் தலையில். அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளில் சேறு அடைந்து துரு ஏறினால் உடல் தொய்கிறது. கதவு அதைத்தான் நமக்கு அறிவிக்கிறது. சட்டம் திடமாக இருந்தால் மட்டும், உடலைப் பிணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, வாஷர் வைத்து இடைவெளியைச் சரி செய்யலாம்.

தண்ணீர் கித்தான் வழியாக மட்டும் வருவதில்லை. துண்டுகளின் மூட்டில் ரப்பர் காய்ந்து போயிருக்கும். நீர் வடியும் துவாரங்களைக் குப்பை அடைத்திருக்கும். துவாரங்களைக் குத்தி விட்டு, விரிப்பை எடுத்து வெயிலில் போட வேண்டும். ஈர விரிப்பின் அடியில்தான் தரைத் தகடு ஓசைப்படாமல் ஓட்டையாகிறது.

விளக்கு மங்கினால் லூக்காஸ் கம்பெனியைப் பரிகசிப்பது இங்கிலீஷ்காரர்களின் பழக்கம். இருளின் இளவரசர் என்று அதற்குப் பட்டமே சூட்டியிருக்கிறார்கள். ஆனால் மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பும் வழி காரின் இரும்புதான். துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய உடலில் மூட்டுக்கு மூட்டு துரு. வழி அடைபட்டால் விளக்கு என்ன செய்யும்? புது டைனமோ வாங்கும் முன், எர்த் கம்பிகள் சேருமிடங்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

பின்பக்கம் எகிறுவது வியாதி அல்ல, பிறவிக் குணம். ஒவ்வொரு பின்சக்கரமும் தன் அச்சோடு சேர்ந்து ஊசலாடும் அமைப்பு அது. வேகமாக வளையும்போது பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின்பாகம் உயர்ந்து சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவன் கேட்காத ஒன்றையும் சொன்னேன். அதுதான் உயிர் சம்பந்தமான விஷயம். முன்சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிமுனை, ட்ரனியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் மரை போட்டு இறங்கியிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு கியர் ஆயில் விட வேண்டும், கிரீஸ் கூடாது. கிரீஸ் கெட்டிப்பட்டு வழியை அடைத்துக்கொள்ளும். மரை காய்ந்து தேய்ந்து, ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும்.

இதை நான் கற்றது சென்னையில். 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் இந்தக் கார் அங்கேயே தயாராயிற்று. 1972-இல் கெஸல் வரும்வரை பல குடும்பங்களுக்கு அதுதான் வாகனம். எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறந்துவிட்டு, டயர்மேல் சாவகாசமாக உட்கார்ந்து வேலை செய்வார். எந்த ரிப்பேருக்கு வந்த ஹெரால்டாக இருந்தாலும், ட்ரனியனுக்கு எண்ணெய் விடாமல் வெளியே அனுப்ப மாட்டார். "என்ஜின் நின்றால் தள்ளிக்கொண்டாவது வீட்டுக்குப் போய்விடலாம், சார்; சக்கரம் மடங்கினால் யார் போவது?" என்பார். அந்த எண்ணெய்க்கு அவர் பில்லில் காசு போட்டு நான் பார்த்ததில்லை.